ஒழுங்காய் உண்டும் கொழுப்பு ஏறுவதேன்?

ரந்தாவ், பகாவ் தோட்டங்களை அடுத்துக் கடை நடத்தும் நம்மில் சிலர் புகை தொடுவதில்லை; அளவோடு உண்கிறோம். அப்படியிருந்தும் இரத்தத்தில் கொழுப்பு மிகுதி என்று டாக்டர் சொல்லத் திகைக்கிறோம்.

காரணம் உண்டு. கொலஸ்ட்ராலின் பெரும்பங்கை நமது ஈரல் முதலான உறுப்புகளே உண்டாக்குகின்றன. இரத்தத்தில் ஓடுவதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாயில்களும் ஈரலில் உண்டு. அவற்றை ஆராய்ந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-ல் நோபல் பரிசு பெற்றனர். பிறவியிலேயே அவ்வாயில்கள் பழுதானால் சரக்கு தேங்கும். பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரக்கூடும். தைராய்டுக் குறைவு, சிறுநீரக நோய், சில மருந்துகள், வடிகட்டாத கோப்பி ஆகியனவும் கொழுப்பை ஏற்றும்.

ஆகவே, இளவயதில் மாரடைப்பு கண்ட குடும்பத்தார் பிள்ளைகளின் இரத்தத்தையும் சோதிக்கவேண்டும். டாக்டரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது.