ஒளியால் விழித்த நரம்பு

முண்ணாண் மூளையின் கட்டளைகளை உடலுக்குக் கொண்டு செல்லும் பாதை. மரத்திலிருந்து விழுந்தோ, வாகன விபத்திலோ அது அறுபட்டால், கீழேயுள்ள நரம்புக்கலங்கள் உயிரோடிருந்தும் அவற்றுக்குக் கட்டளை வந்து சேராது. அக்கட்டளையை ஒளியால் கொடுக்க முடியுமா?

இதற்கான வழி கிளமிடோமோனசு என்னும் பச்சை அல்காவில் கிடைத்தது. ஒளியை நாடி நீந்தும் இவ்வல்காவிலுள்ள ஒரு புரதத்தில் நீல ஒளி பட்டால், அது வாயில்போலத் திறந்து நேரேற்ற அயன்களைக் கலத்தினுள் விடும். அப்புரதத்துக்கான பரம்பரையலகை நரம்புக்கலத்தினுள் புகுத்தினால், ஒளி படும்போது கணத்தாக்கம் பிறக்கும். 2005 இல் அமெரிக்க, ஜேர்மன் ஆய்வாளர்கள் இதனைச் செய்துகாட்டினர்.

2008 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் எலிகளில் ஓர் ஆய்வு நடந்தது. கழுத்துப் பகுதியில் முண்ணாணின் ஒரு பாதி வெட்டப்பட்டதால், பிரிமென்றகட்டின் அப்பக்கம் செயலிழந்தது. வைரசின் மூலம் பரம்பரையலகைப் புகுத்தி, விட்டுவிட்டு ஒளி பாய்ச்சினர். அப்பக்கம் மீண்டும் சுவாசத்துக்கேற்ப இயங்கியது. ஒளியை நிறுத்திய பின்பும் இயங்கியது! உறங்கிக்கிடந்த மாற்றுப் பாதைகள் விழித்துக்கொண்டன என ஆய்வாளர்கள் கருதினர்.

ஆயினும் இது எலிகளில் கிடைத்த வெற்றியே. ஒளி இழையங்களினுள் ஆழமாகச் செல்லாது. பரம்பரையலகை மனித முண்ணாணில் பாதுகாப்பாகச் சேர்ப்பதும் எளிதன்று. எனவே, தோழியரே, அறுபட்ட பின் இணைப்பதைவிட அறுபடாமல் காப்பதே இன்று நம்மால் இயன்றது. விபத்தில் வீழ்ந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்தை அசையவிடாது, 1990 ஐ அழையுங்கள்.