மலமாதிரி கேட்டால் மறுக்காதீர்கள்

"எங்கட வீட்டில் ஒருவருக்கும் வயிற்றோட்டம் இல்லையே" என்று போத்தலைத் திருப்பிக் கொடுப்போர் உண்டு. ஆனால் அமீபா தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அறிகுறி தெரிவதில்லை. நோயாளிகளை மட்டும் எண்ணினால் தொற்றின் அளவும் தெரியாது, எந்தக் கிணற்றைக் கவனிப்பது என்பதும் தெரியாது. இந்தியாவில் நரம்புச் சிலந்தி நோயை வீடு வீடாகத் தேடித்தான் ஒழித்தார்கள். கடைசி நோயாளி 1996 யூலையில்.

ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வெளியேறுவதில்லை. எனவே வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கேட்கக்கூடும். (ஒருமுறை தருவதே சங்கடம் என்பது எங்களுக்கும் தெரியும்.) சிறுநீர் கலக்காமல் எடுத்து விரைவாகக் கையளியுங்கள்.

மண்கும்பானில் மணலுக்குக் கீழே வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியின் கசிவு கிணற்றை அடைய அதிக காலம் எடுக்காது. நெடுநாள் பாவிக்காத கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டாலும் முழு நிம்மதி இல்லை. பக்டீரியாவைக் கொல்லும் அளவு, அமீபாவையும் ஜியார்டியாவையும் மூடியிருக்கும் தடித்த உறைக்குப் போதாது. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, மேலும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்து, மூடி ஆறவையுங்கள். பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோவதும் அந்தத் தண்ணீராகவே இருக்கட்டும்.