மூக்கில் நுழையும் வைரஸ் மூளையையும் தொடுமா?

"சளி, காய்ச்சல்தானே டாக்டர்... அதுக்குப் போய் தலையில ஸ்கேனா?"

கொரோனா காலத்தில் பல வீடுகளில் எழுந்த கேள்வி இது. 2020 மார்ச் 7-ம் தேதி அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி, காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். அப்போது எல்லோருடைய கவனமும் நுரையீரல் மீதுதான். ஆனால், சிலருக்கு மூளையிலும் பாதிப்பு இருப்பதை ஸ்கேன் படங்கள் காட்டின.

என்ன தெரிந்தது?

ஸ்கேன் எடுத்த பலருக்கு மூளை இயல்பாகவே இருந்தது. பாதிப்பு இருந்தவர்களிடம் முக்கியமாகக் காணப்பட்டது, ரத்தக்கட்டி அடைத்ததால் வந்த பக்கவாதம். தீவிர சிகிச்சையில் நெடுநாள் கிடந்த சிலருக்கு, மூளையில் புள்ளி புள்ளியாக நுண்ணிய ரத்தக் கசிவுகள். அபூர்வமாக மூளை வீக்கமும் உண்டு.

கோயில் இட்லியின் சுக்கு, மிளகு வாசனைகூடத் தெரியாமல் போனதே, அது ஏன்? மூக்கின் மேல்பகுதியில் வாசனை நரம்புகளைத் தாங்கும் செல்களை வைரஸ் தாக்குவதுதான் முக்கியக் காரணம். 2022-ல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆய்வில், 51 முதல் 81 வயது வரையிலான 785 பேருக்கு இரண்டு முறை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். இடையில் கொரோனா வந்த 401 பேருக்கு, வாசனையோடு தொடர்புள்ள பகுதிகளில் மற்றவர்களைவிட 0.2 முதல் 2 சதவிகிதம் வரை கூடுதல் மாற்றம். பதறாதீர்கள்! இது சராசரிக் கணக்கு. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று அர்த்தமில்லை.

யாருக்கு ஸ்கேன்?

வெறும் சளி, இருமலுக்கு மூளை ஸ்கேன் தேவையில்லை. வீண் செலவு! ஆனால், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, வலிப்பு, திடீர்க் குழப்பம்... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளி முடிச்சுப் போட்டுவிடுவார். ரத்தம் கிடைக்காமல் இறந்த மூளைச் செல்லுக்கு அந்த வசதி கிடையாது. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று காத்திருக்காதீர்கள்.

சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவைச் சட்டென்று காட்டிவிடும். சிறிய அடைப்புகளைத் துல்லியமாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. அது காந்தத்தால் இயங்குவது. பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நகையோடு, ஜரிகைப் புடவையையும் மாற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஜரிகையும் உலோகம்தானே!