ரங்கநாதன் தெரு: ஒரு மளிகைக்காரர் பார்வையில்

சென்னைக்குப் போய்வருகிற நம் வியாபாரிகளிடம், "தி.நகர் போனீர்களா?" என்று கேட்டால், "போகாமல் என்ன? கூட்டத்தில் நசுங்கி, ரெண்டு பை சாமான் வாங்கிக்கொண்டு வந்தோம்" என்பார்கள். வாங்குகிறவர் அப்படித்தான் பார்ப்பார். விற்கிறவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. பேட்டையிலிருந்தும் டவுனிலிருந்தும் வியாபாரிகள் சிலர் சேர்ந்து போய், சாமான் வாங்கும் எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பகல் முழுவதும் அந்தத் தெருவில் நின்று பார்த்தோம். பார்த்ததையும் அதிலிருந்து நம் கடைக்கு ஆகக்கூடியதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். தியாகராய நகர் பழைய ஊர் அல்ல. மாம்பலத்தில் நீண்ட ஏரி என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அந்த ஏரிப் பகுதியைத் தூர்த்து மனைகளாகப் பிரித்து உண்டாக்கிய நகர் இது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். 1909-ல் தென்னிந்திய வர்த்தக சபையை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். ஆக, ஒரு வணிகர் தலைவரின் பெயர்தான் அந்த நகருக்கு. நடுவில் உள்ள பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரால் அமைந்த அங்காடியே சுருங்கிப் பாண்டி பஜார் ஆயிற்று என்பார்கள். நல்லி பட்டுக்கடை 1928-லேயே அங்கே தொடங்கிவிட்டது.

ரங்கநாதன் தெருவோ குடியிருப்புத் தெருவாக இருந்தது. கடைத்தெருவாக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அதை மாற்றியது ரயில். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்குகிறவர்கள் உஸ்மான் சாலைக்கும் பஸ் நிலையத்துக்கும் போக இந்தத் தெருதான் நேர்வழி. காலையும் மாலையும் ஆயிரக்கணக்கான பேர் நடந்துதான் தீர வேண்டும். அவர்கள் கடைக்கு வந்தவர்கள் அல்ல, வழியோடு போகிறவர்கள். வழியில் கடை வைத்தார்கள், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டிய முதல் பாடம் இது. வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்க வேண்டிய கவலை அந்தத் தெருக் கடைக்கு இல்லை. 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். தெருவில் இறங்காமலே மேலோடு போய்விடலாம். அதில் ஏறி நின்று கீழே பார்த்தால் தெருவின் போக்கு முழுவதும் தெரிகிறது: கூட்டம் எங்கே தேங்குகிறது, எந்த வாசலில் திரும்புகிறது, எந்தக் கடையைத் தாண்டிப் போகிறது என்று. போகிறவர்கள் அரை மணி நேரம் அங்கே நின்று பார்க்கவும். காசு கேட்பார் இல்லை.

சுழற்சிக் கணக்கு

அந்தத் தெருவின் பெரிய கடைகளில் ஒன்று 1970 வாக்கில் பாத்திரக் கடையாகத் தொடங்கியது. தொடங்கிய சகோதரர்கள் திருச்செந்தூர் வட்டாரத்துக்காரர்கள். சென்னையில் மளிகைக் கடைக்கே "அண்ணாச்சி கடை" என்றுதான் பெயர். நம் பக்கத்து ஆட்கள் கற்றுக்கொடுத்த வியாபாரம்தான் அங்கே நடக்கிறது. அதனால் ஏதோ மந்திரம் என்று மலைத்துப்போக வேண்டியதில்லை.

மந்திரம் என்று ஒன்று உண்டென்றால் அது முதலின் சுழற்சி. ஒருவர் 10,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து நூற்றுக்கு 15 லாபம் வைத்து விற்கிறார். வருஷத்தில் நாலு முறை அந்த முதல் திரும்புகிறது. லாபம் 6,000. இன்னொருவர் அதே 10,000-க்கு நூற்றுக்கு 5 மட்டும் வைக்கிறார். வருஷத்தில் இருபது முறை திரும்புகிறது. லாபம் 10,000. விலை குறைத்தவர் அதிகம் சம்பாதித்திருக்கிறார். வாங்கியவருக்கும் மலிவு. ரங்கநாதன் தெருவில் பாத்திரமும் துணியும் மலிவாக இருப்பதற்கு இதுவே அடிப்படை. மொத்தமாக எடுப்பதால் உற்பத்தியாளரிடம் கிடைக்கும் தள்ளுபடி அதற்கு மேல்.

இதைக் கேட்டவுடன் ஊருக்கு வந்து விலையைக் குறைத்துவிடலாம் என்று நினைப்பவர் கொஞ்சம் பொறுக்கவும். விலையைக் குறைத்ததற்காக நம் தெருவில் வீடுகளின் எண்ணிக்கை கூடிவிடாது. முந்நூறு வீடு இருக்கிற தெருவில் உப்பு அரைக்கால் ரூபாய் குறைத்தாலும் யாரும் இரண்டு மடங்கு உப்பு தின்னப் போவதில்லை. கூட்டம் இருக்கிற இடத்தில் பலிக்கிற கணக்கு, கூட்டம் இல்லாத இடத்தில் நஷ்டக் கணக்கு.

அப்படியானால் நமக்கு என்ன? சுழற்சியை விலையால் மட்டுமல்ல, இருப்பாலும் கூட்டலாம். அரிசி, சர்க்கரை, எண்ணெய், பருப்பு தானாக ஓடும். ஓடாமல் நிற்பவை மேல் தட்டில் இருக்கின்றன. ஏஜென்சிக்காரர் "ஸ்கீம் இருக்கு அண்ணாச்சி" என்று தலையில் கட்டிவிட்டுப் போன சோப்பு, போன வருஷத்து மசாலாப் பொட்டலம், நிறம் மங்கிய பிளாஸ்டிக் சாமான். மூன்று மாதமாகக் கை படாத சரக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இறக்கி, கொள்முதல் விலையில் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். எங்களில் ஒருவர் ஊர் திரும்பியதும் அதைச் செய்தார். வந்த தொகை, அவர் வட்டிக்கு வாங்கியிருந்த தொகைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது.

பற்று நோட்டு

இன்னொரு பக்கமும் உண்டு. ரங்கநாதன் தெருவில் கடன் கிடையாது. பணம் கொடுத்தால் சாமான். அதனால் அங்கே சரக்கு விற்றதும் முதல் திரும்பியது என்று அர்த்தம். நம் கடையில் சரக்கு விற்றால் அது பற்று நோட்டுக்குப் போகிறது. சரக்கு தீர்ந்ததைச் சுழற்சி என்று எண்ணி நாம் சந்தோஷப்பட்டுக் கொள்கிறோம். பணம் கல்லாவுக்கு வரும்வரை சுழற்சி நடக்கவில்லை.

தீபாவளிக்கு முன்பு இது நன்றாகத் தெரியும். நம்மிடம் பாதி நிலுவை வைத்துவிட்டு, ரொக்கத்தோடு வண்ணாரப்பேட்டைப் பெரிய கடைக்குப் போகிறார்கள். வசதி உள்ளவர்கள் தி.நகருக்கே ரயில் ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பிள்ளைக்கு நாலு துணி பார்த்து எடுக்க யாருக்கும் ஆசை இருக்கும்.

ஆனால் கடனே கொடுக்கக் கூடாது என்று எழுத நாங்கள் தயாரில்லை. கடன் கொடுப்பதால்தான் நம் கடைக்கு வருகிறார்கள். அதைப் பெரிய கடையால் செய்ய முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு ஆளைத் தெரியாது. நம் பகுதியில் வாரக் கூலி வாங்கும் பீடித் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனையோ. சனிக்கிழமை கூலி வாங்கி அன்றே கடைக்கணக்கைத் தீர்க்கும் வீட்டுக்குக் கொடுக்கிற கடன், வருஷத்தில் ஐம்பது முறை திரும்புகிற முதல். ரங்கநாதன் தெருக்காரருக்கும் அந்தச் சுழற்சி எளிதல்ல. மாதச் சம்பளக்காரர் மூன்று மாதம் இழுப்பது வருஷத்துக்கு நாலே முறை. இரண்டையும் ஒரே நோட்டில், ஒரே விலையில் எழுதுவதுதான் நம் தவறு. நோட்டை இரண்டாகப் பிரித்து எழுதினாலே எந்த வீட்டால் கடை நடக்கிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் நாம் நினைத்த வீடாக இராது.

பார்த்து ஒதுக்க வேண்டியவை

எல்லாமே அங்கே பின்பற்றத் தக்கதல்ல. 2008 செப்டம்பர் 1 அன்று அந்தத் தெருவின் பல மாடிக் கடையில் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக் கட்டடம் பற்றி, ஒரு நாளைக்கு மேல் எரிந்தது. ஒரு பகுதி தானே இடிந்து, மிச்சத்தையும் இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. இடையில் 2011-ல், தீபாவளி முடிந்த கையோடு, விதிமீறிக் கட்டிய கட்டடங்கள் என்று ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பல கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். பொங்கலை ஒட்டித் தற்காலிகமாகத் திறக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நம் கடை மாடிக் கடை அல்லவே என்று இருந்துவிட வேண்டாம். கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் டின், காலி அட்டைப்பெட்டி இவை நான்கும் ஒரே மூலையில் கிடக்கிற மளிகைக் கடைகள் எத்தனை? பரணுக்குப் போகும் ஏணியில் சாக்கு அடுக்கியிருப்பது எத்தனை? தீ இன்ஷூரன்ஸ் இருந்தாலும், பல வருஷத்துக்கு முன் எழுதிய சரக்கு மதிப்பிலேயே புதுப்பித்துக்கொண்டு வருகிறோம். இருப்பு இரட்டிப்பாகி இருந்தால் நஷ்டஈடு அதற்குத் தக்கபடி குறைந்துதான் வரும்.

அடுத்தது ஆட்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பையன்களிடமும் பெண்பிள்ளைகளிடமும் பேச்சுக் கொடுத்தோம். இரண்டாவது வார்த்தையிலேயே ஊர் தெரிந்துவிட்டது. "அண்ணாச்சி, திருநவேலியா?" என்று அவர்களே கேட்டார்கள். 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம் இவர்கள் பாட்டைத்தான் சொன்னது. காலையில் நின்றால் இரவுவரை நிற்கிற வேலை. நாங்கள் பார்த்தபோது ஒரு கடையில் நாற்காலிகள் இருந்தன, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கூட்டம் அப்படி. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் எல்லாருக்கும் உட்கார இருக்கை வசதி செய்ய வேண்டும் என்று சட்டப்பேரவை நிறைவேற்றியிருக்கிறது. நம் கடையில் பொட்டலம் கட்டும் பையனுக்கு ஒரு முக்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு மூட்டை வெங்காயத்தின் விலைகூட ஆகாது. ஆள் கிடைக்கவில்லை என்று சங்கக் கூட்டத்தில் மாதந்தோறும் குறைப்படுகிறோம்; அந்த ஆட்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தோம்.

சுற்றுப்புறம்

குடும்பத்தோடு போகிறவர்கள் பகல் வெயிலில் தெருவுக்குள் நுழைய வேண்டாம். காலையில் வெங்கடநாராயணா சாலையில் உள்ள திருப்பதி தேவஸ்தானக் கோயிலைச் சேவித்துவிட்டு, கடைகள் திறந்ததும் தெருவைப் பார்த்துவிடலாம். மாலையில் பாண்டி பஜார். 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் அமைத்திருக்கிறார்கள். ரங்கநாதன் தெருவில் நெருக்குதலிலேயே வியாபாரம், இங்கே அகலமான நடைபாதையில் உட்கார இடம் போட்டு வியாபாரம். ஒரே நகருக்குள் இரண்டு விதம். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதில் ஒரு சுவை உண்டு. நேரமிருந்தால் 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும், வடபழனி முருகன் கோயிலும் தொலைவில்லை.

கொள்முதல் செய்ய நினைப்பவர்களுக்கு

தி.நகர் சில்லறைச் சந்தை. அங்கே வாங்கி இங்கே விற்றால் கூலிகூட மிஞ்சாது. நம் கொள்முதலுக்கு உரிய இடம் வடசென்னைப் பக்கம்: ஜவுளிக்குக் கோடவுன் தெரு, காகிதத்துக்கு ஆண்டர்சன் தெரு, வளையல், குங்குமம், பிளாஸ்டிக் வகைக்குத் தேவராஜ முதலி தெரு. பழைய கொத்தவால் சாவடி நினைப்பில் காய்கறி தேடிப் போகிறவர்கள் இன்னும் உண்டு; அந்த மொத்தச் சந்தை 1996-லேயே கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைத்தெருக்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். செவ்வாய், புதனாகப் பார்த்துப் போகவும்.

பில் கேட்டு வாங்கவும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் தங்கள் எண்ணைப் பில்லில் எழுதச் சொன்னால்தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது, ஆகவே அவர்கள் வரியும் சேர்த்த விலையைத்தான் அடக்கவிலையாக வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். மாநிலத்துக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை லாரியில் ஏற்றினால் இ-வே பில் அவசியம். விற்கிற கடையிலேயே போட்டுத் தருவார்கள். வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று ஏற்றும்போதே பார்த்துவிடுங்கள்.

ரயிலைப் பொறுத்தவரை, 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் போய்ச் சேரும்போது பிற்பகல் ஆகிவிடும், கொள்முதலுக்கு அன்று பொழுது போதாது. இரவு ரயிலில் போய்த் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் மாம்பலம் போவதே நமக்குச் சௌகரியம். திரும்பும்போதும் தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம். கையில் பாத்திர மூட்டையோடு எழும்பூர் வரை அலைய வேண்டாம்.