பனை உச்சிக்கு நீர் ஏறுவது எப்படி?

தாம்பரத்தைச் சுற்றி இன்றும் நாம் காணும் பனை, 60 அடிக்கு மேலும் வளரவல்லது. உறிஞ்சு பம்பு நீரை ஏற்றக்கூடிய உயரமோ ஏறத்தாழ 34 அடிதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என்னிடம், “பனைக்கு எவன் தண்ணி இறைக்கிறான்?” என்று பாட்டி கேட்டார். விடை இதுதான்.

உயிருள்ள செல்களின் துடிப்பே காரணம் என்றார் ஜகதீஸ் சந்திர போஸ் (1923). இன்று ஏற்கப்படுவது, டிக்சனும் ஜாலியும் 1894-இல் கூறிய கூட்டிணைவு இழுவிசைக் கோட்பாடு. இலைத்துளை வழியே நீர் ஆவியாகப் போகப்போக, ஒன்றையொன்று விடாது பற்றிய நீர் மூலக்கூறுகள் கிணற்றுக் கயிறுபோலச் சைலக் குழாய்களில் மேலே இழுபடுகின்றன. இறைப்பவன் சூரியனே!

வேம்பு ஆண்டுதோறும் புதுக் குழாய்களைச் சேர்க்கும். பனைக்கோ இளமையில் அமைந்தவையே ஆயுள் முழுதும், கருகினால் மாற்றில்லை. ஆகவே நண்பர்களே, பனையடியில் குப்பை கொளுத்த விடாதீர்கள்!