மோசமான முகத்தைப் பார்த்து வாங்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. அமெரிக்க ஓக், வால்நட் பலகைகளைக் கொள்முதல் செய்யும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதாக அக்கா சொன்னாள். சந்தோஷம். ஆனால் தேக்கைத் தட்டிப் பார்த்து, இழை பார்த்து, வயிரம் பார்த்து விலை பேசும் நம் மரவாடிப் பழக்கத்தோடு அந்தக் கட்டுகளைப் பிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே தரம் என்பது மரத்தின் அழகைச் சொல்வதில்லை, அது தாங்கும் பாரத்தையும் சொல்வதில்லை. அது வெறும் கணக்கு.

ஓர் ஊரில் முதல் தரமாக விற்ற பலகையை அடுத்த ஊர் வியாபாரி இரண்டாம் தரம் என்று தள்ளினால் வியாபாரம் எப்படி நடக்கும்? எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி வேண்டும் என்றுதான் 1898-இல் சிகாகோவில் தேசிய ஹார்டுவுட் லம்பர் சங்கம் பிறந்தது. இப்போது அதன் தலைமையகம் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் இருக்கிறது. தரம் பிரிப்பவர்களுக்கு அங்கே பள்ளிக்கூடமே நடத்துகிறார்கள். அவர்கள் கையில் வளைந்து கொடுக்கும் ஹிக்கரிக் குச்சி ஒன்று, அதன் நுனியில் உலோகக் கொக்கி. பலகையைப் புரட்டுவதும் அதைக் கொண்டுதான், பரப்பைப் படிப்பதும் அதில்தான்.

அவர்கள் கேட்பது ஒரே கேள்வி. இந்தப் பலகையில் பழுதில்லாத துண்டுகள் எவ்வளவு தேறும்? அதையும் இரண்டு முகங்களில் மோசமான முகத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் கேட்பார்கள்.

12 அடி நீளம், 8 அங்குல அகலம் உள்ள ஓர் ஓக் பலகையை எடுத்துக்கொள். அகல அங்குலத்தை நீள அடியால் பெருக்கினால் 96. அதை 12-ஆல் வகுத்தால் 8, அதுதான் பரப்பளவு எண். எஃப்.ஏ.எஸ். என்னும் உயர்ந்த தரத்துக்கு அந்த 96-இல் 80 பங்கு பழுதில்லாமல் தேற வேண்டும், அதாவது 83⅓ சதவீதம். பரப்பளவு எண் 8 என்பதால் அதையும் இரண்டே துண்டுகளில் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு துண்டும் குறைந்தது 4 அங்குலத்துக்கு 5 அடி, அல்லது 3 அங்குலத்துக்கு 7 அடி இருக்க வேண்டும்.

இப்போது ஐந்தாவது அடிக்கும் ஆறாவது அடிக்கும் நடுவே, அகலம் முழுக்க, இரண்டு முகங்களிலும், சிறு முடிச்சுகள் கூட்டமாக இருக்கின்றன என்று வை. ஒரு பக்கம் 5 அடி, மறுபக்கம் 6 அடி சுத்தமாகக் கிடைக்கும். 40-உம் 48-உம் சேர்ந்தால் 88. தேறிவிட்டது. அதே முடிச்சுக் கூட்டம் ஓர் அடி தள்ளி, நாலாவது அடியிலிருந்து ஐந்தாவது அடி வரை இருந்தால்? 4 அடித் துண்டு செல்லாது. மிச்சம் இருப்பது 7 அடி, அதில் 56 பங்குதான். பலகை எஃப்.ஏ.எஸ்.-இலிருந்து நம்பர் 1 காமனுக்கு இறங்கிவிடும். அந்தத் தரத்தில் 66⅔ சதவீதம் போதும், 2 அடித் துண்டும் செல்லும். மரம் அதேதான், பழுதும் அதே அளவுதான். இடம் மாறியதற்கு விலை மாறுகிறது!

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் காசை விடுகிறார்கள். முதலாளி கண்ணில் நல்ல பேர் வாங்க எல்லாவற்றுக்கும் எஃப்.ஏ.எஸ். எழுதிவிடுவார்கள். 7 அடி நிலைக்கால் அறுக்க அது வேண்டியதுதான். அலமாரிக் கதவுச் சட்டத்துக்கு எதற்கு? எப்படியும் இரண்டு, மூன்று அடியாகத்தானே அறுக்கப்போகிறார்கள்? நம்பர் 1 காமனை அமெரிக்காவிலேயே கேபினட் தரம் என்றுதான் அழைக்கிறார்கள். பட்டறையிலிருந்து வெட்டுப் பட்டியலை முதலில் கேட்டு வாங்கு. எந்தத் துண்டு நீளம், எந்தத் துண்டு குட்டை என்று தெரிந்த பிறகு ஆர்டர் எழுது.

இன்னொரு சண்டை வெள்ளையால், அதாவது வயிரத்துக்கு வெளியே இருக்கும் வெளிறிய மரத்தால் வரும். தேக்கில் வெள்ளை தெரிந்தால் நம் ஆசாரிகள் பலகையைத் தள்ளி வைப்பார்கள். அமெரிக்க விதியில் வெள்ளை பொதுவாகப் பழுதாகவே எண்ணப்படுவதில்லை. எஃப்.ஏ.எஸ். வால்நட்டில் வெள்ளை விளிம்பு இருந்தால் விற்றவர் ஏமாற்றினார் என்று சத்தம் போடாதே. நிறம் ஒத்து வர வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் அதைத் தனியாக எழுத வேண்டும். வால்நட்டுக்கு ஆவி காட்டி வெள்ளையைக் கருப்பாக்கும் வழக்கமும் உண்டு, அப்படிச் செய்த சரக்கா என்று கேட்டுக்கொள்.

அளவில் கவனம் வேண்டும். அவர்கள் போர்டு அடியில் பேசுவார்கள். 12 போர்டு அடி சேர்ந்தால் நம் ஒரு கன அடி. கனத்தைக் கால் அங்குலக் கணக்கில் எழுதுவதால் 4/4 என்றால் ஓர் அங்குலம், 8/4 என்றால் இரண்டு. உலையில் காய்ந்த பலகை சுருங்கியிருக்கும். பச்சையில் எடுத்த அளவுக்குப் பில் போட்டிருந்தால், கொடுக்கிற காசுக்கு வருகிற சரக்கு குறையும். ஆகவே விலை கேட்கும்போதே இது பச்சை அளவா, காய்ந்த அளவா என்று எழுத்தில் வாங்கிவிடு. கட்டோடு வரும் பட்டியலை வைத்துக்கொண்டு பத்துப் பலகையையாவது புரட்டி அளந்து பார்த்த பிறகு கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
மாமா