கூடி நிற்கும் பொத்தான்கள்

கேள்வி: எங்கள் சபாவின் இணையதளத்தில் காலை, பிற்பகல், மாலைக் கச்சேரிகளுக்கான மூன்று பொத்தான்களைத் தனித்தனியே வைப்பதா, ஒட்டி வைப்பதா?
- ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: ஒட்டியே வையுங்கள். ஓரினத்தவை அருகருகே நின்றால்தான் விரல் தயங்காது என்பதை, 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாய் வந்த தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைப் பக்கமும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமர்த்திப் பிரத்தியட்சமாய்க் காட்டியிருக்கிறது. ஆனால் அந்த ஒட்டுறவு கண்ணுக்கு மட்டும் புலப்பட்டால் போதாது. திரைவாசிப்பானின் துணையோடு செவியால் படிக்கிற பார்வையற்ற ரசிகருக்கும் விளங்கும்படி, அம்மூன்றையும் ஃபீல்டுசெட் (fieldset) என்னும் HTML கட்டத்தில் அடக்கி, 'கச்சேரி வேளை' என்று அதன் தலைப்பான லெஜண்டில் (legend) நாமகரணம் செய்துவிடவேண்டும். மூன்றில் ஒன்றே தேர்வாகவேண்டுமாதலால், உள்ளே ரேடியோ பொத்தான்களை வைத்து, வெளியே சாதாரணப் பொத்தானின் வேஷம் கட்டுவது உத்தமம். 'டிக்கெட் வாங்கு' என்பதை மட்டும் அந்தப் பந்தியில் உட்காரவைக்காதீர்கள். அது வேறு காரியம்.